தரூர் இங்கிலீஷ் கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?

ராக்கெட்_ராஜா:
2017 மே மாசம் சசி தரூர் தன் மேல வந்த குற்றச்சாட்டுக்கு பதில் ட்வீட்ல 'ஃபராகோ'ன்னு (கண்டதையும் கலந்த குவியல்னு அர்த்தம்) போட்டாரு, ஆளாளுக்கு டிக்‌ஷனரி தேடினாங்க. அடுத்த வருஷம் 29 எழுத்துல 'ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்', ஒண்ணை மதிப்பில்லாததுன்னு ஒதுக்குறதுன்னு அர்த்தம். அதுல இருந்து என் ரூம்மேட் ஆப் வச்சு தினம் ஒரு வார்த்தை படிக்கிறான், படிச்சா பரவால்ல, ஆபீஸ் மெயில்லயும் எடுத்து விடுறான், கிளையன்ட் எங்கிட்ட அர்த்தம் கேக்குறான். சின்ன வார்த்தை போதும்னா பெருசை போடாதேன்னு எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946லயே எழுதியாச்சுப்பா.

கோவை_வாணி:
ஆர்வெல் சொன்னது எழுதுறவங்களுக்கு தம்பி. படிக்கிறவங்க கதை வேற. பால் நேஷன்னு நியூசிலாந்து ஆராய்ச்சியாளர் 2006ல கணக்கு போட்டாரு, நாவல், பேப்பர் எல்லாம் யார் உதவியும் இல்லாம படிக்கணும்னா 8000, 9000 சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதுல இருந்து வர்ற வடிவங்களும் சேர்ந்தது) தெரியணும்னு. பேச்சு இங்கிலீஷ் மட்டும் வச்சுக்கிட்டு அங்க போய்ச் சேர முடியாது.

ராக்கெட்_ராஜா:
அக்கா, அந்த 9000ல ஃப்ளாக்சி வருமா? நீங்களே எனக்கு பாயின்ட் எடுத்துக் குடுக்குறீங்க 😂

பழைய_ஜிஆர்இ:
நான் பழைய ஜிஆர்இ (வெளிநாட்டுல மேல்படிப்புக்கு எழுதுற பரீட்சை) எழுதின ஆளு, ஆன்டனிம் (எதிர்ச்சொல்), அனாலஜி (சொல் ஒப்புமை) கேள்வி எல்லாம் இருந்த காலம், 2011 ஆகஸ்ட்ல தூக்கிட்டாங்க. வேர்ட் லிஸ்ட்டை ஏ-ல இருந்து உருப்போடுவோம். அர்த்தம் டக்குனு வரும், எங்க போடணும்னு மட்டும் தெரியாது. கூடப் படிச்ச ஒருத்தன் புரொஃபசருக்கு 'யூ ஆர் நோட்டோரியஸ் இன் யுவர் ஃபீல்ட்'னு மெயில் அனுப்பிட்டான், பாவம், புகழ்றதா நெனச்சுதான், ஆனா 'நோட்டோரியஸ்'னா கெட்ட பேர் எடுத்தவர்னு அர்த்தம். பரீட்சை முடிஞ்சதும் லிஸ்ட்டும் காலி.

கோவை_வாணி:
அப்ப கோளாறு லிஸ்ட்லதானே, வார்த்தை என்ன பண்ணுச்சு? 'டிஃபெனெஸ்ட்ரேஷன்', அதாவது ஆளை ஜன்னல் வழியா தூக்கிப் போடுறது, நான் எந்த லிஸ்ட்லயும் படிக்கல. 1618ல ப்ராக் கோட்டைல ராஜாவோட ரெண்டு பிரதிநிதியையும் செக்ரெட்டரியையும் ஜன்னல் வழியா தூக்கிப் போட்டாங்க, மூணு பேரும் பொழச்சுக்கிட்டாங்க, ஆனா முப்பதாண்டுப் போரே அதுலதான் வெடிச்சுது. இதைப் படிச்சப்புறம் அந்த வார்த்தை மறக்குமா சொல்லுங்க. ஆப்ல வர்ற வார்த்தைக்கு முன்னாடியும் ஒண்ணும் கிடையாது பின்னாடியும் கிடையாது, அதான் ஒட்டாது.

ராக்கெட்_ராஜா:
கதை சூப்பர்தான். ஆனா அதை வச்சு மெயில்ல என்ன எழுதுவீங்க?

கோவை_வாணி:
எதுக்கு எழுதணும்? வெள்ளிக்கிழமை சாயந்திரம் 6 மணிக்கு மேனேஜர் மீட்டிங் போடுவாருல்ல, அப்ப மனசுக்குள்ள சொல்லிக்குவேன்.

பழைய_ஜிஆர்இ:
உங்க ஆபீஸ் எத்தனாவது மாடிங்க?