அடிபட்ட மானுக்கு எக்ஸ்ரே எடுக்கலாமா, பயத்துலயே செத்துடுமா?

ஆலமரத்தடி:
வணக்கம், வனவிலங்கு மீட்புல ரெண்டு வருஷமா உதவிக்குப் போறேன். நேத்து ராத்திரி வண்டில அடிபட்ட ஒரு பொட்டை மான் வந்துச்சு, வளர்ந்த மான், பின்னங்கால் ஒண்ணு தொங்குது. கண்ணைத் துணியால கட்டி இருட்டு ரூம்ல விட்டிருக்கோம், துணிக்குக் கீழ மூக்கு மட்டும் விடைச்சு விடைச்சு அடங்குது, கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாக்கூட உடம்பு பூரா நடுங்குது. டாக்டர் மயக்கம் குடுத்து எக்ஸ்ரே எடுக்கணும்ங்கிறார். கூட இருக்கற சீனியர், கால் உடைஞ்சது கண்ணுக்கே தெரியுதே, கட்டு போட்டு விடுங்க, எதுக்கு அதைப் பாடுபடுத்தணும்ங்கிறார். யார் சொல்றது சரி?

குளம்படி:
கண்டிப்பா எடுங்க. ஆனா உங்க சீனியர் பயப்படறதுலயும் நியாயம் இருக்கு. மான் ரொம்ப மிரண்டு திமிறுச்சுன்னா கேப்சர் மயோபதி வரும், தசை சிதைஞ்சு அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுத்துடும், மூத்திரம் பழுப்பா போகும், சிலது அன்னிக்கே போயிடும், சிலது நல்லா இருக்கற மாதிரி இருந்துட்டு நாலஞ்சு நாள் கழிச்சு போயிடும். அதனால முழிச்சிருக்கற மானை நாலு பேர் அமுக்கிப் பிடிச்சு எக்ஸ்ரே எடுக்கற வேலையே வேண்டாம், பிடிக்கறவங்களுக்கும் கதிர்வீச்சு.

மயக்கம் ஒரே தடவைதான், அதுக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும். ஊசி போடறதுக்கு முன்னாடியே மெஷின், பிளேட் எல்லாம் ரெடியா இருக்கணும், சைலசீன்ங்கிற மயக்க மருந்து குடுத்தா எழுப்பறதுக்கு அடிபமிசோலோ யோஹிம்பினோ கையில இருக்கணும். அசை போடற ஜீவன், ரொம்ப நேரம் சாய்ச்சுப் போட்டா வயிறு உப்பும், இரை மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், அதனால கழுத்தைத் தூக்கி வெச்சு வாய் மட்டும் கீழ சரிஞ்சிருக்கற மாதிரி பாத்துக்கோங்க.

முக்கியமா, காலோட நிறுத்திடாதீங்க. இடுப்பு, முதுகெலும்பு, நெஞ்சு எல்லாம் எடுங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு கோணத்துல. பக்கவாட்டுல பாத்தா நேரா இருக்கற எலும்பு திருப்பி எடுத்தா விரலகலம் விலகி நிக்கும். பொட்டை மான்ங்கிறதால இடுப்பெலும்பு நொறுங்கி உள்வழி குறுகியிருக்கான்னு பாக்கணும், அப்படி இருந்தா கால் கூடினாலும் குட்டி போட முடியாது. எலும்பு சேருமான்னு மட்டும் கேட்டா போதாது, பழையபடி ஓடித் தாண்டித் தப்பிக்குமான்னு பாக்கணும்.

மழைக்கால_வெட்:
ஒண்ணு சேத்துக்கறேன். மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடியே பின்னங்கால் ரெண்டுலயும் விரலை அழுத்தி வலி தெரியுதான்னு பாத்துடுங்க, ஊசி போட்டப்புறம் பாத்தா ஒண்ணும் புரியாது. எக்ஸ்ரேல தண்டுவடம் தெரியாது. அடிபட்ட நொடியில எலும்பு விலகி திரும்ப இடத்துக்கு வந்திருக்கலாம், படம் சுத்தமா இருக்கும், உள்ள நரம்பு போயிருக்கும். நுரையீரல் கன்னிப்போனதும் உடனே எடுத்த படத்துல முழுசா தெரியாது. தசைக்குள்ள கறுப்பா காத்து தெரிஞ்சா, வெளிக்காயம் சின்னதா இருந்தாலும் எலும்பு தோலைக் கிழிச்சிருக்குன்னு சந்தேகப்படுங்க.

நாணல்:
இது குட்டி மான் வரப்போ உதவும். முட்டிக்கு மேல ஒரு கறுப்புக் கோடு பாத்து முறிவுன்னு நெனச்சு பதறிட்டேன், பாத்தா அது குரோத் பிளேட், வளர்ற எலும்புல இருக்கறதுதான். சந்தேகமா இருந்தா நல்லா இருக்கற காலையும் அதே கோணத்துல எடுத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க, ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தா பயப்பட வேணாம்.

ஆலமரத்தடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்குக் காலைல எடுத்தோம். கால் முறிவு ஒரே கோடு, சரி பண்ணியிருக்கலாம். ஆனா இடுப்பு மூணு இடத்துல உடைஞ்சு உள்பக்கமா மடங்கியிருந்துச்சு. எடுக்காம கட்டு போட்டிருந்தா வாரக்கணக்குல கூண்டுல பயந்து பயந்தே கெடந்திருக்கும். டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார், எழுப்பாம அந்த மயக்கத்துலயே வலியில்லாம உயிர் போக ஊசி போட்டுட்டார், கண்கட்டை அவுக்கல. சீனியர் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பாத்துட்டு நின்னார். அப்புறம் அவரே எந்தெந்த இடம், எந்தெந்த கோணம்னு ஒரு பேப்பர்ல எழுதி மெஷின் பக்கத்துல ஒட்டிட்டார்.