ஞாயிறு கடை திறந்தால் பாவமா? இல்லை, சனிதான் ஓய்வுநாளா?

மல்லிக்கடைக்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன், சபை சி.எஸ்.ஐ. முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் எங்களுக்கு அன்றைக்குத்தான் வியாபாரமே, விடியுமுன்னே திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிடும், எல்லாவற்றையும் எடை போட்டுத் தள்ளிவிட்டு நான் கோவிலுக்குப் போய்ச் சேரும்போது பிரசங்கம் பாதி முடிந்திருக்கும். போன மாதம் சபையில் ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும், ஓய்வுநாளை ஆசரி என்கிற நாலாம் கட்டளையை மீறுகிறவன் எந்த முகத்தோடு திருவிருந்து எடுக்கிறாய் என்று கேட்டுவிட்டார். போதாக்குறைக்கு எங்கள் சகலை வீட்டில் சனிக்கிழமை ஆசரிப்பு. ஞாயிறு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ராஜா கொண்டுவந்தது, வேதத்தில் கிடையாது என்று வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டால் வாரத்துக்கு ஐந்து நாள்தான் கடை. வனாந்தரத்தில் தேவன் இஸ்ரவேலருக்குக் கொடுத்த மன்னா அப்பத்தையாவது ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்து வைத்தால் கெடவில்லை. மல்லி அப்படி நிற்குமா? சாயங்காலம் மலர்ந்துவிட்டால் அதன் விலையே வேறு. வேதம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏழாம்நாள் விசுவாசி:
சகலை சொல்வதுதான் சரி சகோதரரே. தேவன் ஏழாம் நாளை ஆசீர்வதித்தது ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், அப்போது யூதனும் இல்லை மோசேயும் இல்லை. இயேசு மரித்த பிறகும் அவரோடு இருந்த ஸ்திரீகள் கற்பனையின்படியே ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள், லூக்கா 23 கடைசி வசனம். பவுலும் ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார். பத்துக் கட்டளையில் ஒன்பது வேண்டும், ஒன்று மட்டும் வேண்டாம் என்றால் எப்படி? நாங்கள் சனிக்கிழமை பரீட்சையே எழுதாமல் விட்டிருக்கிறோம், தேவன் கைவிடவில்லை.

பசுமலைக்காரன்:
மல்லிக்கடை தம்பி, உங்கள் சபைப் பெரியவரும் சகலையும் எதிரெதிர்க் கட்சி மாதிரி தெரிந்தாலும் இரண்டு பேரும் நிற்பது ஒரே இடத்தில்தான். நாலாம் கட்டளை இன்றைக்கும் அப்படியே நம்மைக் கட்டுகிறது என்பது இருவருக்கும் பொது. (லுத்தரன், கத்தோலிக்க நண்பர்களுக்கு அது மூன்றாம் கட்டளை, அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.) அப்படி ஒப்புக்கொண்டு பேச ஆரம்பித்தால் சகலைதான் ஜெயிப்பார், ஏனென்றால் ஓய்வுநாளை ஞாயிற்றுக்கு மாற்றியதாக ஒரு வசனம்கூடக் கிடையாது. உயிர்த்தெழுதலுக்குப் பிறகு வாரத்தின் முதல் நாளே கிறிஸ்தவ ஓய்வுநாள் என்று கட்டளை மாதிரி எழுதி வைத்தது 1646-இல் இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்கிற கண்டிப்பான புராட்டஸ்டன்டுகள் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனும் அந்தப் பியூரிட்டன் வழியில் வந்ததுதான். எங்கள் அப்பத்தா சனி ராத்திரியே அம்மியில் மசாலா அரைத்து மூடி வைத்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை பித்தான் அறுந்தால் திங்கள் வரை ஊசி எடுக்கக் கூடாது. அந்தப் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது அப்போஸ்தலர்கள் போட்ட சட்டம் இல்லை.

சரி, அப்போஸ்தலர்கள் என்ன சொன்னார்கள்? எருசலேமில் கூடி, புறஜாதியிலிருந்து, அதாவது யூதரல்லாதவரிலிருந்து, வந்தவர்கள் மேல் எதைச் சுமத்தலாம் என்று பேசி, கடைசியில் நாலே நாலு காரியத்தைத்தான் எழுதி அனுப்பினார்கள் (அப்போஸ்தலர் 15). விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். ஓய்வுநாள் அதில் இல்லை. கொலோசெயர் 2:16-இல் பண்டிகை, மாதப்பிறப்பு, ஓய்வுநாள் இவற்றைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்கிறார் பவுல். அது வருஷப் பண்டிகையோடு வரும் ஓய்வுநாள், வாராந்தர ஓய்வுநாள் இல்லை என்று ஏழாம்நாள் சகோதரர் சொல்வார், தெரியும். ஆனால் வருஷத்துக்கு வருவது, மாதத்துக்கு வருவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர் மூன்றாவதாக வாரத்துக்கு வருவதைத்தானே சொல்லுவார்? பண்டிகையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டாரே. ரோமர் 14-இல் இன்னும் தெளிவு. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும். உங்களைத் திருவிருந்தை வைத்துக் கேட்ட பெரியவர் முதலில் இந்த அதிகாரத்தை வாசிக்கட்டும்.

கான்ஸ்டன்டைன் வீடியோ பாதி உண்மை. 321-இல் அவர் ஞாயிற்றை அரசு விடுமுறையாக்கினார், அது சரி. ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, ஏறக்குறைய 150-இல், ஜஸ்டின் மார்ட்டர் என்கிற ஆதித் திருச்சபை எழுத்தாளர் ரோமில் இருந்துகொண்டு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம் என்று எழுதிவிட்டார். ராஜா கொடுத்தது லீவு, ஆராதனை முன்பே இருந்தது. இன்னொன்று, அந்த ஆணையை வீடியோக்காரர்கள் முழுசாகச் சொல்வதே இல்லை: நகரத்து ஜனங்களும் பட்டறைகளும்தான் ஓய வேண்டும், விவசாயிகள் அன்றைக்கும் தாராளமாக வேலை செய்யலாம், பருவம் தவறினால் பயிர் போய்விடும் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் மல்லிக்கு இதைவிடப் பழைய சலுகை வேண்டுமா?

ஒரே ஒரு கேள்வி. கடையில் பூ எடை போடும் பையன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் முழு லீவு உண்டா? உபாகமம் 5-இல் இந்தக் கட்டளையைத் திரும்பச் சொல்லும்போது, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்று மோசே காரணம் சொல்கிறார். எந்த நாள் என்று அடித்துக்கொள்கிற நம் ஜனம் இந்தப் பாதியைப் பேசி நான் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டமே வாரம் ஒரு நாள் கொடு என்கிறது.

நாசரேத் மகள்:
பசுமலை அண்ணே, சனிக்கிழமை ஆசரிப்பு என்றாலே அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள், அதற்காக ஒரு வார்த்தை. தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் நாசரேத் ஊர்ப் பக்கம் மூக்குப்பேரியில் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் 1857-லேயே மிஷனரிகளோடு பிணங்கித் தனிச் சபை வைத்தார், வெள்ளைக்காரர் வழக்கம் வேண்டாம் என்று பழைய ஏற்பாட்டு முறைகளைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமையை ஆசரித்தார்கள். அமெரிக்காவில், சனிக்கிழமை ஆசரிக்கிற ஏழாம்நாள் அட்வென்டிஸ்டு சபை முறைப்படி அமைந்ததே 1863-இல்தான். இப்போது மதுரையில் குடியிருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஞானஒளிவுபுரம்:
நாங்கள் கத்தோலிக்கர். ஞாயிறு திருப்பலி கடன்தான், ஆனால் சனி மாலைப் பூசையில் பங்கெடுத்தாலும் அது நிறைவேறிவிடும். தவிர்க்க முடியாத வேலைக்கு விலக்கும் உண்டு, ஆஸ்பத்திரி நர்சும் பஸ் டிரைவரும் பாவிகளா என்ன? உங்கள் ஆயரிடம் சாயங்கால ஆராதனை கேட்டுப் பாருங்கள் தம்பி.

மல்லிக்கடைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. சாயங்கால ஆராதனை மாதம் ஒரு தடவைதான் இருக்கிறது, ஆயரிடம் பேசிப் பார்க்கிறேன். பசுமலை அண்ணே கேட்டதற்குப் பதில்: கடையில் இரண்டு பையன்கள், லீவு என்று தனியாக எதுவும் இல்லை, வராத நாளுக்குக் கூலி கிடையாது, மார்க்கெட்டில் எல்லா இடத்திலும் அப்படித்தான். செவ்வாயும் புதனும் வரத்து குறைவு, ஆளுக்கு ஒரு நாள் கூலியோடு விட்டுப் பார்க்கலாம். ஒரு பையன் முனியாண்டி கோவில் பூசாரி மகன், அவனுக்கு வெள்ளிதான் வேண்டுமாம்.

ஏழாம்நாள் விசுவாசி:
வெள்ளி சூரியன் அஸ்தமித்த பிறகு என்றால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், எனக்குச் சந்தோஷம். கொலோசெயர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், பசுமலை அண்ணன் அங்கே வரவும்.