மர லூர்களின் மேற்பூச்சில் விழும் குழிகள்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பால்சா மரத்தில் கையால் செதுக்கிய மீன்பிடி லூர்களுக்கு (மீனைக் கவரும் செயற்கை இரைகளுக்கு) அக்ரிலிக் வண்ணம் தீட்டி, அது நன்கு காய்ந்த பின் இருபகுதி எபாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசினை) மேற்பூச்சாகப் பூசி, பூச்சு வழிந்து ஒரு பக்கமாகத் திரண்டுவிடாதபடி மெதுவாகச் சுழலும் மோட்டாரில் மாட்டி இறுகவிடுகிறேன். செதில்களின் நிறம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் துலங்குவது பெரும் மகிழ்ச்சி தருகிறது.

ஆயினும் சில இடங்களில் எபாக்சி விலகிச் சிறு வட்டக் குழிகள் விழுகின்றன. விரல்களின் எண்ணெய்ப்பசை இதற்குக் காரணமாகலாம். ஆனால் ஆல்கஹாலால் துடைத்தால் அக்ரிலிக் வண்ணமே கரையக்கூடும். வண்ணம் கெடாமல் எண்ணெய்ப்பசையை நீக்குவது எப்படி? குழி விழுந்த பூச்சை மணல்தாளால் தேய்த்து அதன்மேலேயே மறுபூச்சு தரலாமா? வெயிலில் எபாக்சி மஞ்சளிப்பதால், பாலியூரித்தேன் மேற்பூச்சுக்கு மாறியவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன். குறிப்பாக, கொக்கிகள் உரசும் வயிற்றுப்பகுதியில் அது எவ்வளவு தாங்குகிறது என்பதைத் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.