மறு: ஸ்பாய்லருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘மீதிக்கதை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, எனவே எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். விஷயம் தெரிந்ததுதான். ‘நேற்றுப் பார்த்த படம், சுமார்’ என்று ஒருவர் மூன்றே வரி போட்டார். மூன்றாவது வரியில் கொலைகாரன் யார் என்பதும் இருந்தது. அன்றிரவு அதே படத்துக்குப் போகவிருந்த இன்னொருவர் கொதித்துப்போய், ‘மேலே ஒரு எச்சரிக்கை போடக்கூடாதா?’ என்று கேட்க, ‘ஸ்பாய்லர்’ (படம் பார்க்காதவருக்குக் கதையின் ரகசியத்தை முன்கூட்டியே உடைத்துவிடும் தகவல்) என்னும் அந்த எச்சரிக்கையைத் தமிழில் எப்படிப் போடுவது என்று பேச்சு திசைமாறிவிட்டது. திசைமாறியது நல்லதுதான். திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, முன்னோட்டம், இடைவேளை என்று சினிமாவுக்கு இவ்வளவு சொற்கள் இருக்கின்றன. பார்த்துவிட்டு வந்து பேசுபவர்களுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

வந்த பரிந்துரைகளை முதலில் பார்த்துவிடுவோம்.

> சுவைகெடுப்பான் என்றால் நேரடியாகப் புரியும்.

புரியும். ஆனால் யாராவது இதை வாயால் சொல்வார்களா? வடிப்பான், அழிப்பான் என்று கருவிகளுக்குப் பொருந்தும் விகுதி இது. ஒரு தகவலைப் போய் ‘கெடுப்பான்’ என்றால் பழைய படத்து வில்லன் நினைவுதான் வருகிறது. தவிர, கெட்டதா இல்லையா என்பது கேட்பவர் பாடு. சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவைக்க வேண்டியதில்லை.

> கதைக்கசிவு எப்படி? வினாத்தாள் கசிவு என்கிறோமே.

அங்கேதான் இடிக்கிறது. வினாத்தாள் கசிந்தது என்றால் வெளிவர வேண்டிய நேரத்துக்கு முன் உள்ளிருந்து யாரோ வெளியே விட்டார்கள் என்று பொருள். படம் வெளியாவதற்கு முன்பே கதை எப்படியோ வெளியே வந்துவிட்டால் அது கசிவு. காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர் வாய் சும்மா இருக்காமல் சொல்வது கசிவாகாது. இந்தச் சொல்லை அந்த வேலைக்கே பத்திரப்படுத்தி வைப்போம், தேவைப்படும்.

> குட்டுடைப்பு!

ஆச்சரியக்குறியோடு வந்ததால் விளையாட்டா உண்மையா என்று தெரியவில்லை. குட்டு வெளிப்பட்டது என்றால் யாரோ பித்தலாட்டம் செய்து மாட்டிக்கொண்டார்கள் என்று ஆகிறது. இயக்குநர் மறைத்து வைத்தது பித்தலாட்டம் அல்ல. (சில படங்களில் அதுவும் உண்டு, விடுங்கள்.) இன்னொரு சங்கடம்: ‘படத்தின் குட்டை உடைத்துவிட்டார்’ என்று யாராவது எழுதினால் குளம் குட்டை உடைந்த செய்தி போலிருக்கும்.

‘முடிவுடைப்பு’, ‘திருப்ப வெளியீடு’ இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடலாம். வெளியீடு என்றால் சினிமாவில் படம் ரிலீஸ் ஆவது. முடிவைச் சொல்வதுதான் தொல்லை என்பதும் சரியல்ல. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் பெரிய அதிர்ச்சி பாதியிலேயே வந்துவிடும். யாரைக் கதாநாயகி என்று நம்பி உட்கார்ந்திருக்கிறோமோ அவரே போய்விடுவார். அதற்காகத்தான் 1960-இல் படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று கறாராக இருந்தார்கள். (இவ்வளவு பழைய படத்துக்கும் எச்சரிக்கை போட வேண்டுமா என்று கேட்காதீர்கள், கீழே வருகிறேன்.)

‘கதையுடைப்பு’தான் என்னை யோசிக்க வைத்தது. ‘போட்டு உடைத்துவிட்டான்’ என்று நாம் தினமும் சொல்கிறோம். அந்த வினையை விடவே கூடாது. ஆனால் பெயர்ச்சொல்லாக வைக்கும்போது பக்கத்தில் ஒருவர் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்: கட்டுடைப்பு. ஒரு பிரதியைப் பிரித்துப் போட்டு வாசிக்கும் முறைக்கு (டீகன்ஸ்ட்ரக்‌ஷன்) இலக்கிய விமர்சனத்தில், பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவோடு சேர்ந்து வந்து நிலைத்துவிட்ட சொல். ‘இந்தப் படம் பற்றிய ஒரு கதையுடைப்பு’ என்று தலைப்பு வைத்தால், சிற்றிதழ்ப் பழக்கம் உள்ளவர் பின்நவீனத்துவக் கட்டுரை என்று நினைத்து உள்ளே வருவார். கொலைகாரன் பெயரைத் தெரிந்துகொண்டு வெளியே போவார்.

சரி, என் பரிந்துரை: மீதிக்கதை.

இது நான் உருவாக்கியதல்ல. பழைய படங்களுக்கு அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெல்லிய தாளில் நடிகர் பட்டியல், பாடல்கள், கூடவே ஒரு பக்கம் ‘கதைச் சுருக்கம்’. அந்தச் சுருக்கம் விறுவிறுவென்று ஓடி, சரியாக முடிச்சு விழுகிற இடத்தில் நிற்கும். காணாமல் போனவள் திரும்பி வந்தாளா? பழி நீங்கியதா? இப்படி ஒன்றிரண்டு கேள்விகள், பிறகு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதை எழுதியவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. நமக்கு வேண்டிய வரையறை அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. வெள்ளித்திரையில் காண வேண்டிய மீதி எதுவோ, அதை வேறெங்காவது சொன்னால் அது மீதிக்கதை.

எழுத்தும் ஐந்துதான். ‘ஸ்பாய்லர்’ என்பதும் ஐந்து. சுவைகெடுப்பானுக்கு ஏழு.

பயன்படுத்திப் பார்த்தால்தான் சொல்லின் தரம் தெரியும். போன வாரம் பார்த்த ஒரு துப்பறியும் படத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘முதல் பாதி அசத்தல். இடைவேளைக்கு முன்னால் வரும் அந்தத் தொலைபேசிக் காட்சியில் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. இரண்டாம் பாதியில் ஜவ்வாக இழுத்துவிட்டார்கள், கடைசிப் பாட்டைத் தூக்கியிருக்கலாம். ஆய்வாளராக வருபவர் பேசாமலே நடித்திருக்கிறார். ஒரு தடவை பார்க்கலாம். இனி மீதிக்கதை: அந்தத் தொலைபேசியில் பேசியது…’

உறுத்தாமல் உட்கார்கிறது என்பது என் கட்சி. ‘மீதிக்கதை உண்டு’, ‘மீதிக்கதை இல்லை’ என்று தலைப்பிலேயே போடலாம். வினைக்கு இருக்கவே இருக்கிறது உடைத்தல்: ‘மீதிக்கதையைப் போட்டு உடைத்துவிட்டான் பாவி’. சொல்கிறவருக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் ‘உடைப்பாளர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கிண்டலுக்கு நன்றாக இருக்கிறது, அகராதிக்கு வேண்டாம்.

> மீதிக்கதை என்பது ஏற்கெனவே புழங்கும் சாதாரணத் தொடர். ‘மீதிக் கதையை நாளைக்குச் சொல்கிறேன்’ என்கிறோம். குழப்பம் வராதா?

இந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் வலை, சுட்டி, வெட்டு, ஒட்டு எல்லாமே வீட்டுச் சொற்கள்தானே? கணினிக்குப் போனதும் பொருள் சுருங்கி நின்றுவிட்டன. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஸ்பாய்லர் பழைய சொல், இந்தப் பொருளில் அதற்கு அவ்வளவு வயதில்லை. 1971-இல் ‘நேஷனல் லாம்பூன்’ என்ற நகைச்சுவை இதழ் அந்தத் தலைப்பில் படங்களின் முடிவுகளை வேண்டுமென்றே வரிசையாகப் போட்டு உடைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. வம்புக்குச் செய்த வேலை அது. இன்று உலகமே அந்தச் சொல்லை எச்சரிக்கையாக வைத்துக்கொண்டிருக்கிறது.

‘மீதி’ தூய தமிழா என்று கேட்பவர்களுக்கு: மீந்தது, மீதம், மீதி எல்லாம் ஒரே குடும்பம். அதற்கும் மேல் தூய்மை வேண்டும் என்று ‘எச்சக்கதை’ வரை போனவருக்கு ஒரு வேண்டுகோள். இலக்கணத்தில் எச்சம் மதிப்பான சொல்தான். காக்கைக்கும் அது தெரியும்.

அடுத்து எல்லை. எதுவரை சொன்னால் பழியில்லை? பாட்டுப் புத்தக விதியே போதும்: முடிச்சு விழுவதைச் சொல்லலாம், அவிழ்வதைச் சொல்லக்கூடாது. எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) இதற்கு நல்ல உரைகல். படம் தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். ஆகவே ‘நாயகன் செத்துவிடுவான்’ என்று எழுதினால் அது மீதிக்கதை ஆகாது. அதுதான் முடிச்சு. சுட்டது யார் என்று சொன்னால் மீதிக்கதை. வேறொரு படத்தில் இதே ‘நாயகன் செத்துவிடுவான்’ என்ற வரி முழு மீதிக்கதையாக இருக்கும். படத்துக்குப் படம் கோடு இடம் மாறுகிறது, சொல் அப்படியே நிற்கிறது. ‘சைக்கோ’வும் இதில் அடங்கிவிடும். பாதியில் நடந்தாலும் அது முடிச்சுக்கு அந்தப்பக்கம்.

> இராமாயணம் கேட்கப் போகிறவனுக்கு ஸ்பாய்லர் உண்டா? கூத்துப் பார்க்கிறவனுக்குத் துரியோதனன் சாவான் என்று தெரியாதா? நம் மரபில் இல்லாத கவலைக்கு நாம் ஏன் சொல் தேட வேண்டும்?

ஐயா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தெரிந்த கதையை எப்படிச் சொல்கிறான் என்று பார்க்கும் ரசனை நமக்கு இரத்தத்தில் ஊறியது. 2011-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் சிறுகதைகளை வைத்துச் சோதித்தபோது, முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்ததாகச் சொன்னார்கள். ஐயாவுக்கு இது இனிக்கும். ஆனால் அது சிறுகதை, இரண்டரை மணிநேரப் படமல்ல. பிறகு வந்த ஆய்வுகளில் நேர்மாறான முடிவும் வந்திருக்கிறது. மற்ற பாதி இதுதான்: துரியோதனன் சாவதைப் பார்க்கப் போகிறவர் தெரிந்தே போகிறார். கொலைப் படத்துக்குச் சீட்டு வாங்கியவர் தெரியாமல் இருப்பதற்காகவே போகிறார். அகதா கிறிஸ்டியின் ‘எலிப்பொறி’ நாடகம் 1952 முதல் லண்டனில் நடக்கிறது. திரை விழுமுன் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். இத்தனை காலமாக ஒரு மீதிக்கதையை ஊரே சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கவலையும் மரபாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய படங்களுக்கு எச்சரிக்கை எத்தனை ஆண்டு வரை என்பதில் எனக்குப் பெரிய கருத்தில்லை. சந்தேகமிருந்தால் போட்டுவிடுங்கள், ஒரு சொல்தானே.

பேச்சில் இது ஏறுமா என்று ஒரு தோழி கேட்டிருந்தார். உடனே ஏறாது. ‘உச்சக்கட்டம்’ என்று எழுதுகிறோம், வாயைத் திறந்தால் ‘க்ளைமாக்ஸ்’தான் வருகிறது. திருப்பம் என்ற அருமையான சொல் இருந்தும் எல்லாரும் ‘ட்விஸ்ட்’ என்கிறார்கள். ஆனால் ஸ்பாய்லர் எச்சரிக்கை முதலில் எழுத்தில் பிறந்து எழுத்தில் வாழ்வது. மடலின் தலையில், பதிவின் முதல் வரியில், ஒரு முகப்புச் சீட்டாக வருகிறது. அதனால் இதற்கு மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் இலக்கணம் அறிந்தவர்கள் ஒன்றைத் தீர்த்துவையுங்கள். சேர்த்து எழுதினால் கலைச்சொல், ‘மீதிக் கதை’ என்று பிரித்தால் வழக்கமான பொருள் என்று வைத்துக்கொள்ளலாமா? எனக்குச் சரியென்றே படுகிறது. ‘மீதிக்கதைகள்’ என்று பன்மை மட்டும் வேண்டாம், ஒரு படத்துக்கு ஒரு மீதிதான்.

அன்புடன்,
குழுவில் ஒருவன்