புதுப்பிப்பு: சங்கிலியில் கிடந்த நாயை மீட்டாயிற்று

பக்கத்து வீட்டில் வெயிலில் கட்டிப்போட்டுப் பட்டினி போடப்பட்ட நாயைப் பற்றி எழுதியிருந்தேன். காவல் நிலையம் நகராட்சியைக் கைகாட்டியது, நகராட்சி காவல் நிலையத்தைக் கைகாட்டியது. வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாய் இப்போது காப்பகத்தில் இருக்கிறது.

பலித்தது, எழுத்தில் புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்கச் சொன்ன யோசனைதான். நான்கு முறை தொலைபேசியில் கெஞ்சியதற்கு எந்தப் பதிவும் இல்லை என்பது நேரில் போனபோதுதான் தெரிந்தது, வயிறு எரிந்தது. ஐந்து நாள் ஒரே இடத்திலிருந்து, தேதியும் நேரமும் தெரிய எடுத்த காணொளியை இணைத்தேன். கால்நடை மருத்துவரின் கடிதமும் கைகொடுத்தது. உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவீட்டில் 4, 5 நல்ல நிலை. விலாவும் இடுப்பெலும்பும் தூரத்திலிருந்தே தெரிந்த இந்த நாய்க்கு அவர் 1 என்று எழுதினார். "மெலிந்திருக்கிறது" என்று நான் சொன்னபோது அசையாதவர்கள், அந்த எண்ணைப் பார்த்த மறுநாளே வந்தார்கள்.

எதிர்பாராதது ஒன்று: கழுத்துப்பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. முடி மறைத்ததால் காணொளியில் தெரியவில்லை. அதை வெட்டி எடுக்கும்போதும் நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

உரிமையாளர் மீது இன்னும் நடவடிக்கை இல்லை. அதே பதிவு எண்ணைச் சொல்லி வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.