ஏற்காட்டிலிருந்து பரங்கிப்பேட்டைக்குக் கயாக்: தனியாளாகத் தூக்க முடியுமா?

மிளகுக்கொடி (ஏற்காடு)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகலூர் பக்கம் மூன்று ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். வயது 54. மனைவி பிறந்த ஊர் பரங்கிப்பேட்டை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது போய்விடுவோம். போன மறுநாள் விடியற்காலையே தூண்டிலை எடுத்துக்கொண்டு வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு நடந்துவிடுவேன். கரையிலிருந்து வீசினால் கெளுத்தி, கீச்சான், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சின்னப் பாறை மீன். எதிர்க்கரை ஓரம் தண்ணீர் சுழித்துத் திரும்பும் இடத்தில் கொடுவா மீன் அடிக்கிற சத்தம் காதில் விழும். தூண்டில்தான் எட்டாது. மச்சான் இரண்டு தடவை தன் ஃபைபர் படகில் கூட்டிப் போனார். மூன்றாம் தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீசல் போட்டுப் பிழைப்புக்குப் போகிறவரை என் பொழுதுபோக்குக்கு இழுக்க முடியுமா?

அதனால் ஒரு கயாக், அதாவது துடுப்புப் போடுகிற சின்னப் படகு, வாங்கலாம் என்று இருக்கிறேன். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை. முகத்துவாரத்திலும், கடல் அமைதியான நாளில் கரையோரத்திலும் போனால் போதும்.

சிக்கல் என் இடுப்பு. 2019இல் ஐம்பது கிலோ காப்பி மூட்டையைத் தூக்கிப் பத்து நாள் படுத்தேன். இப்போது 25 கிலோ அரிசிச் சிப்பத்தை டிக்கியிலிருந்து சமையலறை வரை கொண்டுபோய்விடுவேன், அதற்கு மேல் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும். பையன் பெங்களூரில். மனைவிக்குத் தோள்பட்டை வலி. ஆக, ஏற்றி இறக்குவது எல்லாம் நான் ஒருத்தன்தான்.

மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். சேலத்தில் ஒருவரிடம் பழசாக 12 அடி பிளாஸ்டிக் கயாக், எடை 28 கிலோ என்கிறார். அவரிடமே 10 அடி ஒன்றும் இருக்கிறது, 22 கிலோ. மூன்றாவது, காற்றடிக்கிற வகை, பையோடு 17 கிலோ. மனசு 12 அடியில் நிற்கிறது. ஆனால் என் வேகன் ஆர் நீளமே 3.65 மீட்டர், அதாவது அதே 12 அடி. கூரை உயரம் 1.67 மீட்டர், என்னைவிட இரண்டு சென்டிமீட்டர் அதிகம். கேரியர் இனிமேல்தான் போட வேண்டும்.

எதை வாங்கலாம்? கூரையில் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் தாங்குமா? போலீஸ் ஏதாவது சொல்வார்களா?

ஆத்தூர் துடுப்பு

ஐயா, நான் 12 அடி வைத்து நாலு வருஷமாக ஓட்டுகிறேன். வாங்கும்போது கேட்லாக்கில் போட்டிருக்கிற எடையைத்தான் நானும் நம்பினேன். அதில் போடுவது வெறும் கயாக் உடம்பின் எடை. இருக்கை, தூண்டில் தாங்கி, நங்கூரம், தண்ணீர் கேன் என்று சேரும்போது கணக்கு எங்கேயோ போய்விடும். என்னுடையது 27 என்று போட்டிருந்தார்கள். இருக்கையோடு வெங்காய மண்டித் தராசில் வைத்தேன், 31 காட்டியது. அதனால் வாங்கப் போகும்போது ஒரு தொங்கு தராசைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். விற்கிறவர் முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை.

அடுத்தது, அரிசிச் சிப்பத்தோடு ஒப்பிடாதீர்கள். சிப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். கயாக்கை எங்கே பிடித்தாலும் ஒரு முனை உங்களுக்கு எட்டாத தூரத்தில் ஆடிக்கொண்டிருக்கும், காற்று அடித்தால் அதுவே உங்களைத் திருப்பும். ஏணியோடு ஒப்பிடுங்கள். உங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக்கில் மிளகு பறிக்கிற ஏணி இருக்குமே. அதில் இரண்டு பக்கமும் மணல் பை கட்டி மொத்தம் 22 கிலோ ஆக்குங்கள். வண்டிக்கு மேலே ஒரு பழைய மெத்தையைப் போட்டு ஏற்றிப் பாருங்கள். பிறகு 28. காசு கொடுப்பதற்கு முன்னால் இடுப்பைக் கேட்டுவிடுவது நல்லது.

ஏற்றும் முறை இருக்கிறது. மொத்தமாகத் தலைக்கு மேல் தூக்கவே கூடாது. வண்டிக்குப் பின்னால் நேராகத் தரையில் வையுங்கள். பின் கண்ணாடி மேல் ஒரு ரப்பர் மிதியடியைத் தொங்கவிடுங்கள். முனையை மட்டும் தூக்கிக் கேரியரின் பின் கம்பியில் சாத்துங்கள். அப்புறம் பின்பக்கம் போய், முட்டியை மடித்து வாலைத் தூக்கி முன்னால் தள்ளுங்கள். எந்த நேரத்திலும் கையில் பாதி எடைக்கு மேல் இருக்காது. இறக்குவது இதையே திருப்பி. நான் மிதியடி போடாமல் ஒரு தடவை தள்ளிக் கூரையில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு போட்டேன், அது இன்னும் இருக்கிறது.

காற்றடிக்கிற வகை லேசுதான். எனக்குப் பிடிக்காது. முகத்துவாரத்தில் சிப்பி ஒட்டின கல் இருக்கும், கெளுத்தியின் முள் இருக்கும், நம் தூண்டிலே இருக்கும். காற்றில் பலூன் மாதிரி ஒதுங்கும். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்காமல் மடித்தால் பூஞ்சை. உங்கள் ஊர் ஐப்பசி ஈரத்தில் எங்கே காயவைப்பீர்கள்? ஆனால் இடுப்பு ஏணிக்கே சம்மதிக்கவில்லை என்றால் வேறு வழியில்லை, அதையே வாங்குங்கள்.

உங்கள் மலைக்கென்றே ஒரு விஷயம். என் அக்கா வீடு ஏற்காட்டில். கயாக்கை ஒரு வாரம் அங்கே போட்டிருந்தேன். அதன் வெற்று வயிற்றுக்குள் ஈரம் காயட்டும் என்று, தண்ணீர் வடிக்கிற திருகு அடைப்பானைத் திறந்து வைத்துவிட்டு, கிளம்பும் அன்று காலை நன்றாக மூடிக்கொண்டு இறங்கினேன். கீழே சேலம் கோரிமேட்டில் டீ குடிக்க நிறுத்திப் பார்த்தால் வயிற்றுப் பக்கம் ஒரு தட்டு அளவுக்கு உள்ளே ஒடுங்கியிருக்கிறது. யாரோ இடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் வண்டிக்குள் கிடந்த காலி தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது, அதுவும் நசுங்கிக் கிடந்தது. மேலே போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதன் மறுபக்கம். ஏற்காடு 1,500 மீட்டர். கடல் மட்டத்தை விட அங்கே காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. மேலே மூடின கயாக்கைக் கடலுக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்று அதைப் பிழியும். அதனால் பயணத்தில் அடைப்பான் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

திறந்ததை மூடவும் மறக்கக் கூடாது. நான் மறந்தேன். கரையிலிருந்து நூறு மீட்டர் போன பிறகு இருக்கை நனைகிறது, திரும்பிப் பார்த்தால் பின்பக்கம் தண்ணீரோடு தண்ணீராக இருக்கிறது. கரைக்கு இழுத்துக் கவிழ்த்தால் கால் மணி நேரம் கொட்டியது. இப்போது அடைப்பானை ஒரு சிவப்புக் கயிற்றில் கட்டி வண்டிச் சாவியோடு மாட்டிவிடுகிறேன்.

அம்மாப்பேட்டை தறி

31 கிலோவை வெங்காய மண்டியில் நிறுத்தினீர்களா? கழிவு ஒரு கிலோ பிடிக்கவில்லையா?

சங்ககிரி லோடு

லாரிக்காரன் பேச்சு, நேராகச் சொல்கிறேன்.

நைலான் கயிறு வேண்டாம், நனைந்தால் நீண்டு தளர்ந்துவிடும். நெம்பி இறுக்குகிற ராட்செட் பெல்ட்டும் வேண்டாம். அதை இறுக்குவதற்கு அளவே தெரியாது. பிளாஸ்டிக் சூட்டில் இளகியிருக்கும்போது இறுக்கினால் வயிறு அமுங்கிப்போகும். பக்கிளில் கையால் இழுத்துப் பூட்டுகிற பெல்ட் இரண்டு போதும். கவிழ்த்துப் போட்டுக் கட்டுங்கள். பெல்ட்டில் ஒரு முறுக்கு விடுங்கள், இல்லாவிட்டால் ஆத்தூர் வரைக்கும் நாதஸ்வரம் வாசிக்கும். முன்னால் இழுவைக் கொக்கிக்கும் பின்னால் கொக்கிக்கும் தனித்தனிக் கயிறு போடுவது கட்டாயம். கேரியரே பிய்த்துக்கொண்டு வந்தாலும் சரக்கு வண்டியோடு இருக்கும். கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். கேரியர் எடையும் அதில்தான் சேர்த்தி.

கட்டின பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தி ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். எந்த லோடும் முதல் பத்து கிலோமீட்டரில்தான் உட்காரும்.

போலீஸ் விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சரக்கு அனுமதித்த அளவைத் தாண்டி முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ நீண்டால் 20,000 ரூபாய். 12 அடியை உங்கள் வண்டியில் இம்மி பிசகாமல் நடுவில் வைத்தால்தான் உள்ளே அடங்கும். 10 அடிக்கு அந்தத் தலைவலி இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கயாக் இருப்பது சேலத்தில். ஓட்டப்போவது பரங்கிப்பேட்டையில். நடுவில் எதற்கு மலை ஏறுகிறது? மாமனார் வீட்டில் ஒரு மூலை கிடையாதா?

கிள்ளைக்காரன் (இப்போது மாமாங்கம்)

லோடு அண்ணன் சொன்னதையே நானும் சொல்ல வந்தேன். கடலில் ஓடுகிறது கடற்கரையில் இருக்கட்டும்.

சேலம் வந்து இருபது வருஷம் ஆகிறது, ஆனால் அந்த முகத்துவாரம் எனக்கு வீட்டு வாசல். நீங்கள் வாங்குவது ஒன்றும் புதுசு இல்லை சார். எங்கள் தாத்தா கட்டுமரத்தில் போனார். மேலே உட்காருவது, அலை ஏறினால் கட்டை இடுக்கில் தண்ணீர் தானாக வடிவது, எல்லாம் அதே கணக்கு. கயாக்கில் கட்டை இடுக்குக்குப் பதில் மேல் தட்டிலிருந்து அடி வரை போகிற துளை, அவ்வளவுதான். அந்தத் துளைக்குள் கையை விட்டு ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பழைய கயாக்கில் விரிசல் முதலில் அங்கேதான் விடும். கயாக் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை நிற்காது, சூடு வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அதனால் விரிசல் இருந்தால் வாங்காதீர்கள்.

முகத்துவாரத்தை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் கரையில் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது, ஒரு மீட்டர் அளவுதான், ஆனாலும் வற்றும்போது ஆறு கடலை நோக்கித் தள்ளும், எதிரே வருகிற அலை அதில் மோதி நட்டுக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் வாய்க்குப் பக்கத்தில் போகாதீர்கள். ஓதம் ஏறும்போது போங்கள், கொடுவாவும் அப்போதுதான் உள்ளே வரும்.

காற்று இன்னொன்று. ஆனி, ஆடியில் கச்சான், அதாவது மேற்குக் காற்று, அடிக்கும்போது கரையிலிருந்து பார்த்தால் கடல் தட்டு மாதிரி கிடக்கும். மலையிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது அந்தக் கடலைப் பார்த்துத்தான். காற்று நிலத்திலிருந்து அடிப்பதால் கரையோரம் அலை இல்லை. போகும்போது துடுப்பே வேண்டாம் போல இருக்கும், திரும்பும்போது தெரியும். ஐப்பசி, கார்த்திகை, வாடை மாதம், பேச்சே இல்லை. தை கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் விடியற்காலையில் போய், வெயில் ஏறிக் கடல்காற்று எழும்புவதற்குள் திரும்பிவிடுங்கள். ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் போடுகிற அலை அறிவிப்பை முந்தின நாள் ராத்திரியே பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், துடுப்புக்கு இல்லை. ஆனாலும் மச்சானிடம் சொல்லி ஊரில் நாலு பேருக்குத் தெரியப்படுத்திவிட்டே இறங்குங்கள். ஆதாரும் போனும் தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும். கடலோரப் போலீஸ் 1093, கடலோரக் காவல்படை 1554. மிதவைச் சட்டை போடாமல் இறங்கினால் மச்சானே உங்களைத் திட்டுவார்.

பிச்சாவரம் பக்கம் ஆசை வந்தால் வனத்துறையிடம் கேட்காமல் நுழையாதீர்கள்.

மிளகுக்கொடி (ஏற்காடு)

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஏணிப் பரீட்சை நடத்தினேன். தோட்டத்தில் வேலை செய்கிற இருவர் காப்பிக் களத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை, அதுவே ஒரு மாதிரி இருந்தது.

22 கிலோ ஏறியது. ஆத்தூர்க்காரர் சொன்ன மாதிரி முனையைச் சாத்தி வாலைத் தள்ளினேன், மூன்று முறையும் இடுப்பு சத்தம் போடவில்லை. 28 வைத்ததும் முதல் முறை ஏறியது. இரண்டாம் முறை வாலைத் தூக்கி நிமிரும்போது இடதுபக்கம் சுரீர் என்றது. மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். 12 அடி அத்தோடு முடிந்தது.

10 அடியைத் தொங்கு தராசில் போட்டேன். இருக்கையோடு 24 கிலோ 300. இருக்கை தனியாகக் கழன்று வருகிறது, கழற்றினால் 21 கிலோ 900. துளையெல்லாம் கையை விட்டுப் பார்த்துவிட்டேன், சுத்தம். முன்பணம் கொடுத்தாயிற்று.

மலை ஏற்றாமல் நேராகக் கொண்டுபோகலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? காரணம் தேடிப் பார்த்தேன். காலையில் காப்பி குடிக்கும்போது அது கண்ணெதிரே திண்ணையில் கிடக்க வேண்டும் என்று ஆசை, வேறொன்றுமில்லை. சரி, அந்த ஆசைக்காக இருபது வளைவு எதற்கு? மச்சானிடம் போனில் கேட்டேன். வலை போடுகிற கொட்டகையில் இடம் தருகிறாராம். வாடகையாக மிளகு கேட்கிறார்.

கடைசிச் சந்தேகம். கொட்டகையில் தரையில் போடலாமா, உத்தரத்தில் தொங்கவிடலாமா? கொட்டகையிலிருந்து தண்ணீருக்கு இருநூறு மீட்டர் மணல், அதற்கு என்ன செய்வது?

கிள்ளைக்காரன் (இப்போது மாமாங்கம்)

தொங்கவிடுங்கள், ஆனால் கைப்பிடியில் கட்டி வேண்டாம், நடு வளைந்துவிடும். முனையிலிருந்து கால்வாசி தூரத்தில் ஒன்று, வாலிலிருந்து கால்வாசியில் ஒன்று, இரண்டு அகல பெல்ட். வெயில் படக் கூடாது. மணலுக்கு மெல்லிய சைக்கிள் சக்கரம் வைத்த வண்டி புதையும். காற்றைக் குறைத்து ஓட்டுகிற அகல டயர் வண்டியாக வாங்குங்கள். அது வருகிற வரைக்கும் மச்சான் வீட்டுப் பசங்க இரண்டு பேர் முனைக்கு ஒருவராகத் தூக்கினால் ஐந்து நிமிஷம். முதல் கொடுவாவில் தலை அவர்களுக்கு.