ஒரே கணினியில் நாலு ஈவ் அக்கவுண்ட்: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு, மதுரை

விண்வெளிக் கப்பல்களை ஓட்டும் இணைய விளையாட்டான ஈவ் ஆன்லைனில் இரண்டாவது அக்கவுண்ட் திறக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ரேம் வேண்டும்?" என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை, கணினி திணறுவதற்கு முன்பே ஆடுகிறவரின் கண் திணறிவிடும். எந்த விண்டோவில் எந்தக் கப்பல் இருக்கிறது என்பது யோசிக்காமலே தெரிய வேண்டும். என் ஏற்பாடு முழுவதும் அதற்காகச் செய்ததுதான்.

முதலில் விதி. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் பணம் கட்ட வேண்டாம். ஈவை நடத்தும் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம், ஒருவரே பல அக்கவுண்ட் வைத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. சந்தா கட்டிய ஒமேகா அக்கவுண்ட்களை ஒரே நேரத்தில் திறந்து ஆடலாம். 2016 நவம்பரில் வந்த இலவச ஆல்ஃபா அக்கவுண்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. வேறொரு அக்கவுண்ட் திறந்திருக்கும்போது ஆல்ஃபாவைத் திறக்கக் கூடாது. அடுத்தது இன்புட் பிராட்காஸ்டிங், அதாவது நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் எல்லா விண்டோவிலும் அது தட்டப்படுவது. ஒரு காலத்தில் ஒரே ஆள் இப்படி ஒரு பட்டாளம் பாம்பர் கப்பல்களை ஓட்டிக்கொண்டிருந்தார். 2015 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. ஒரு தட்டு, ஒரு விண்டோ, அவ்வளவுதான். இந்தத் தடை வந்ததில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. நாலு கப்பலை ஓட்டுவது ஒரு திறமை என்று சொல்லிக்கொள்ள முடிவதே அதனால்தான்.

இப்போது கணினி. என்னிடம் இருப்பது 16 ஜிபி ரேம், நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி. நாலு க்ளையன்ட் (ஆட்டம் ஓடும் மென்பொருள், அக்கவுண்ட்டுக்கு ஒன்று) தாராளமாக ஓடுகிறது. லாஞ்சரில் செட்டிங்ஸ் புரொஃபைல் தனித்தனியாக வைக்கலாம். முதன்மை அக்கவுண்ட்டுக்கு ஒரு புரொஃபைல், மற்ற மூன்றுக்கும் எல்லா கிராஃபிக்ஸும் குறைந்தபட்சத்தில் இன்னொரு புரொஃபைல். நான்கையும் ஒரே மூச்சில் திறக்காதீர்கள். ஒன்று முழுதாக ஏறி, கேரக்டர் நிலையத்துக்குள் வந்து நின்ற பிறகு அடுத்ததைத் திறங்கள். என்விடியா கார்டு என்றால் அதன் கட்டுப்பாட்டுப் பலகையில், பின்னணியில் ஓடும் செயலிகளுக்கு ஃபிரேம் வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. அதை 30க்கு இறக்கியதும் ஃபேன் சத்தமே குறைந்துவிட்டது. மதுரை வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விண்டோக்களைக் கையாள ஈவ்-ஓ பிரிவ்யூ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துகிறேன். திறந்திருக்கும் ஒவ்வொரு க்ளையன்ட்டையும் சின்னதாக ஓரத்தில் காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை ஒதுக்கலாம். தட்டினால் அந்த விண்டோ முன்னே வரும், அதற்கு மேல் எதுவும் செய்யாது. எஃப்1 முதல் எஃப்8 வரை ஆட்டத்துக்குள்ளேயே மாட்யூல்களுக்கு, அதாவது கப்பலில் பூட்டிய கருவிகளுக்குப் போய்விடும், அதனால் அவற்றை ஒதுக்காதீர்கள். நான் நம்பர் பேடை எடுத்துக்கொண்டேன். 1 சரக்குக் கப்பல், 2 முன்னால் போய் வழி பார்க்கும் ஒற்றன், 3, 4 சுரங்கக் கப்பல்கள். இந்த எண்களை ஒருநாளும் மாற்ற மாட்டேன். ஓரத்தில் படங்கள் இருக்கும் வரிசையும் அதேதான்.

ஆட்டத்துக்குள் ஒவ்வொரு கேரக்டருக்கும் வேறு நிறத் தீம் வைத்திருக்கிறேன். ஒற்றன் சிவப்பு, சரக்கு நீலம். ஓவர்வியூவும், அதாவது சுற்றி இருப்பவற்றைக் காட்டும் பட்டியலும், வேறு வேறு. ஒற்றனின் ஓவர்வியூவில் ஆட்கள் ஓட்டும் கப்பல்களும், ஒரு சிஸ்டத்திலிருந்து (நட்சத்திர மண்டலத்திலிருந்து) அடுத்ததற்குத் தாவும் கேட்களும் மட்டும். சரக்குக் கப்பலில் கேட்களும் நிலையங்களும் மட்டும். ஆகவே அவசரத்தில் கை தவறினாலும் சரக்குக் கப்பல் போகக் கூடாத இடத்துக்குப் போகும் வாய்ப்பு குறைவு.

இதன் பலனை உயெடாமா என்ற சிஸ்டத்துக்குப் போகிற வழியில் கண்டேன். ஜீட்டா சந்தையிலிருந்து டோடிக்ஸி சந்தைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். உயர் பாதுகாப்புப் பகுதிதான், ஆனால் கான்கார்ட் போலீஸ் தாக்குதலைத் தடுக்காது, தாக்கியவரைத் தண்டிக்கும். தங்கள் மலிவான கப்பல்கள் போனாலும் பரவாயில்லை என்று கூட்டமாக வந்து பெரிய சரக்குக் கப்பலை உடைத்து, உள்ளே இருப்பதை அள்ளிப் போகிறவர்கள் அங்கே காத்திருப்பார்கள். அன்று என் ஒற்றன் ஒரு கேட் முன்னால் போனான். கேட் பக்கத்தில் ஒரு மக்கேரியல் நின்றது. சரக்குக் கப்பலை முட்டி முட்டி வார்ப் ஆகவிடாமல் (அதிவேகத்தில் பாய்ந்து போகவிடாமல்) தள்ள அதைத்தான் வைத்திருப்பார்கள். டி-ஸ்கேன் (சுற்றுவட்டாரத்தில் உள்ள கப்பல்களைக் காட்டும் கருவி) தட்டினேன், வரிசையாகக் கேட்டலிஸ்ட், கூட்டமாகத் தாக்க வருகிறவர்களின் மலிவான கப்பல். உடனே நம்பர் பேட் 1. சரக்குக் கப்பல் இன்னும் முந்தைய சிஸ்டத்தில்தான், அங்கேயே நிலையத்துக்குள் சேர்த்துவிட்டேன்.

அதே நிலையத்தில் இன்னொரு ஃப்ரைட்டர் (பெரிய சரக்குக் கப்பல்) ஓட்டுநர் கிளம்பத் தயாராக இருந்தார். லோக்கல் சாட்டில் எச்சரித்தேன். "உங்களிடம் ஒற்றன் இருக்கிறானா?" என்று கேட்டார். இருக்கிறான் என்றதும், தானும் இரண்டு அக்கவுண்ட் வைத்திருப்பதாகவும் தன் இரண்டாவது கப்பல் வெப் போடுவதற்கு என்றும் சொன்னார். அன்று அவர் எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்.

ஃப்ரைட்டர் தானாக வார்ப் வேகத்துக்கு வர முக்கால் நிமிடம்வரை ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் ஆபத்து. கூட வரும் சின்னக் கப்பல் அதன்மேல் ஸ்டேசிஸ் வெப் போட்டால், ஃப்ரைட்டரின் உச்ச வேகம் குறைந்துவிடும். வார்ப் ஆக உச்ச வேகத்தில் முக்கால் பங்கும் சரியான திசையும் போதும். உச்சமே குறைந்ததால் அந்த முக்கால் பங்கை உடனே தொட்டு, கப்பல் சட்டென்று பறந்துவிடும். இரண்டு பேரும் ஒரே கார்ப்பரேஷனில் (ஆடுபவர்களின் குழுவில்) இருந்து, அங்கே உள்ளுக்குள் சுட்டுக்கொள்ள அனுமதி இருக்க வேண்டும், அல்லது டூயலுக்கு, அதாவது இருவருக்குள்ளான சண்டைக்கு, ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கார்ட் நம் சின்னக் கப்பலையே அடித்துவிடும்.

இதைச் செய்ய இரண்டு விண்டோவும் ஒரே தாளத்தில் வர வேண்டும். கேட் தாண்டியதும் இருவருக்கும் 60 நொடி மறைவு இருக்கிறது. வெப் கப்பலை முதலில் நகர்த்தி வெளியே கொண்டுவருவேன். பிறகு 1 தட்டி, ஃப்ரைட்டருக்கு வார்ப் கட்டளை. 2 தட்டி (இங்கே ஒற்றன்தான் வெப் கப்பலும்), ஃப்ரைட்டரைக் குறிவைத்து லாக். லாக் விழுந்த நொடியில் வெப். பிராட்காஸ்ட் இல்லாமல், கையால், விண்டோ மாறி மாறி. வீணையில் இரண்டு கையும் வேறு வேலை பார்ப்பது மாதிரி, பழகிவிட்டால் யோசனை வராது. விண்டோக்களுக்கு நிலையான எண் வைத்ததன் அருமை இங்கேதான் தெரியும்.

சுரங்க வேலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஓர்க்கா துணைக் கப்பலும் இரண்டு மக்கினா சுரங்கக் கப்பல்களும் வைத்துப் பாறை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு டென்மார்க்காரர் நேரடியாகக் கேட்டார்: "நீ மனிதனா, பாட்டா?" எனக்குக் கோபம் வரவில்லை. தானாக ஆடும் நிரல்களான பாட்களால் கனிமத்தின் விலை விழுகிறது, கையால் வெட்டுகிறவனுக்குத்தான் நஷ்டம். "மூன்றாவது கப்பலை ஒரு சுற்றுச் சுற்றவிடு" என்றார். சுற்றவிட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு நல்ல யோசனை ஒன்று சொன்னார்: லேசர்களை ஒரே நேரத்தில் தொடங்காதே, ஒவ்வொரு கப்பலுக்கும் சற்று இடைவெளி விடு. அப்போது எல்லாக் கப்பலும் ஒன்றாக நிரம்பாது, ஒவ்வொன்றாக உன் கவனத்துக்கு வரும். இன்றுவரை அப்படித்தான் வெட்டுகிறேன்.

மறுமொழி, சிங்கப்பூர்

அருமையான பதிவு அண்ணா. நான் வார்ம்ஹோலுக்குள், அதாவது கேட் இல்லாமல் துளை வழியாக மட்டுமே போகக்கூடிய மண்டலங்களில், வசிப்பவன். கண்ணைப் பற்றிச் சொன்னீர்கள், நான் காதைப் பற்றிச் சொல்கிறேன்.

வார்ம்ஹோலில் ஒருவர் வாய் திறந்து எழுதாதவரை லோக்கல் சாட் பட்டியலில் பெயர் வராது. யார் உள்ளே வந்தார் என்று அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் யாராவது துளை வழியாக வந்தால் ஒரு சத்தம் கேட்கும். அதனால் ஒரு அக்கவுண்ட்டை மறைவுக் கப்பலில் துளை அருகிலேயே நிறுத்திவைக்கிறேன். மற்ற எல்லா க்ளையன்ட்டின் ஒலியையும் விண்டோஸ் வால்யூம் மிக்சரில் அடைத்துவிட்டு, இந்த ஒன்றின் ஒலியை மட்டும் திறந்துவிடுவேன். விண்டோ பின்னால் கிடந்தாலும் காது காவல் காக்கும்.

ஒருநாள் இரவு, என் கார்ப்பரேஷன் நண்பர் ஒருவர் எரிவாயு எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டது. நான் வாய்ஸில் "வெளியே போ" என்றேன், ஏன் என்று கேட்காமல் அவர் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் நின்ற இடத்தில் ஒரு சேபர் கப்பல் வந்து, யாரையும் வார்ப் ஆகவிடாத குமிழியைப் போட்டது. அந்த நண்பர் அடுத்த மாதமே தனக்கும் இரண்டாவது சந்தா எடுத்துவிட்டார்.

ஒலியைச் சரிபார்க்க நல்ல நேரம் சர்வர் தினசரி நின்று திரும்பும்போது. எங்களுக்கு இங்கே அது இரவு 7 மணி, உங்களுக்கு மாலை 4:30. எப்படியும் எல்லா க்ளையன்ட்டையும் மறுபடி திறக்கத்தானே வேண்டும்.

மறுமொழி, திருச்சி

நான் ஈவ் ஆடுவதில்லை, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். ஐந்து அக்கவுண்ட், ஐந்து பேர் குழு, எல்லாம் நானே. எங்களுக்கும் அதே தடை 2020 நவம்பரில் வந்தது. பிராட்காஸ்ட் மென்பொருள் கூடாது என்று பிளிஸார்ட் அறிவித்தது. பல அக்கவுண்ட் வைத்திருப்பது குற்றமில்லை, விசையைப் பரப்புவதுதான் குற்றம்.

அந்த நாட்களில் என்னைப்போல் ஆடியவர்கள் பலர் விட்டுப்போனார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஐந்தை மூன்றாகக் குறைத்தேன். ஒருவன் முன்னால் போவான், மற்ற இருவரும் ஃபாலோ கட்டளையில் பின்னால் வருவார்கள். சண்டைக்கு அசிஸ்ட் மேக்ரோ: முன்னால் இருப்பவன் குறிவைத்ததையே மற்றவர்களும் குறிவைப்பார்கள். அடிப்பதை ஒவ்வொரு விண்டோவிலும் போய் நானேதான் தட்டுகிறேன். வேகம் பாதியாகிவிட்டது, உண்மை. ஆனால் குழுவின் காயத்தை ஆற்றும் ஹீலரை என் கையாலேயே ஓட்டும்போதுதான் ஹீலர் என்ன பாடுபடுகிறார் என்று புரிந்தது. அதற்குப் பிறகு வேறு ஆட்களோடு ஆடும்போது யாரையும் நான் அவசரப்படுத்துவதில்லை.

பதிவு எழுதியவருக்கு ஒரு சேர்க்கை: யுபிஎஸ். கணினிக்கு மட்டும் போதாது, ரவுட்டருக்கும் வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் போகாத வாரமே இல்லை.

மறுமொழி, தொடக்கப் பதிவர், மதுரை

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. ஈவில் இணைப்பு அறுந்தால் கப்பல் தானாக அவசர வார்ப்பில் விலகிப் போகும், ஆனால் யாராவது ஏற்கெனவே பிடித்து நிறுத்தியிருந்தால் அதற்கும் வழியில்லை. நாலு கப்பலும் ஒரே நொடியில் ஆளில்லாமல் நிற்கும். யுபிஎஸ்ஸில் முதல் சாக்கெட் ரவுட்டருக்குத்தான்.

மறுமொழி, புதிய உறுப்பினர், சேலம்

அண்ணா, நான் ஆல்ஃபாவில் வென்ச்சர் என்ற சின்னச் சுரங்கக் கப்பலை ஓட்டுகிறேன். இரண்டாவது ஆல்ஃபாவை விர்ச்சுவல் மெஷினில் திறந்தால் தெரியாது என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

மறுமொழி, தொடக்கப் பதிவர், மதுரை

செய்யாதே தம்பி. அதுவும் விதிமீறல்தான், மாட்டினால் உன் எல்லா அக்கவுண்ட்டுக்கும் பாதிப்பு வரும். முதலில் இருக்கும் ஒன்றை ஒமேகா ஆக்கு. பணமாகக் கட்ட முடியாவிட்டால், ஆட்டத்தில் சம்பாதிக்கும் இஸ்க்கைக் கொடுத்துச் சந்தையில் 500 பிளெக்ஸ் (சந்தாவாக மாற்றக்கூடிய ஆட்டப் பொருள்) வாங்கினால் 30 நாள் ஒமேகா கிடைக்கும். ஆனால் வென்ச்சரை வைத்து அவ்வளவு சேர்க்க நெடுநாள் ஆகும், படிப்பைக் கெடுத்துக்கொண்டு அதில் உட்காராதே.

அதுவரை யாராவது உனக்கு ஒற்றனாக வரட்டும். இந்த வாரக் கடைசியில் நான் ஜீட்டாவில் இருப்பேன். சரக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டுமென்றால் சொல், என் சிவப்பு விண்டோ உனக்கு ஒரு கேட் முன்னால் போகும்.